பெட்டிக்குள் ஒரு தடுப்பு

12 அக்டோபர் 1988, புதன்

காலையிலிருந்து விடாத மழை. ஆபீஸ் தகரக் கூரை போட்ட சத்தத்தில் டெலிபோன் அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. கணக்கெழுதும் பெரிய கிராணி தங்கராஜுதான் எழுந்து போய் எடுத்தார். பேசி முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், டெலிபோன் மணியை நான்தான் ஒளித்து வைத்ததுபோல.

எட்டாம் நம்பர் தேயிலை மலையின் விவரம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். எந்த வருஷம் கவாத்து வெட்டினார்கள், எப்போது உரம் போட்டார்கள், கொழுந்து எப்படி வந்தது, எல்லாம். இன்னும் பாதி மலைகள் பாக்கி. வருஷக் கடைசிக்குள் அத்தனையும் உள்ளே ஏறி, துரை கேட்டதும் காகிதத்தில் அடித்துக் கொடுத்தால் எனக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கோலாலம்பூர் ஹெட் ஆபீஸுக்குப் போகும், நான் பேக்டரிச் சல்லடை அறைக்குப் போவேன். துரை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தோட்ட மேனேஜர், மலாய்க்காரர், நல்ல மனிதர். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நமக்குத் துரைதான். நல்ல மனிதர் வைக்கிற கெடுவும் கெடுதான்.

சல்லடை அறையில் ஒரு வருஷம் இருந்தவள் நான். மூக்குக்குள், காதுக்குள், தலையணைக்குள்ளெல்லாம் தேயிலைத் தூசி. செத்தாலும் திரும்பிப் போகமாட்டேன்.

அம்மாவும் இதே ஆபீஸில்தான். முழங்கால் போனபிறகு மலை ஏற முடியாது என்று கூட்டிப் பெருக்கும் வேலையைக் கொடுத்தார்கள். விடிவதற்கு முன்னால், பெரட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையில் நிற்பதற்குள், திறந்து துடைத்து வைத்துவிடுவாள். ஆத்தாள் கையில் துடைப்பம், மகள் கையில் கம்ப்யூட்டர். லயத்து வரிசை வீடுகளில் இதைப் பார்த்து வயிறு எரியாதவர்கள் யார்? கிராணிக்கும் எரிகிறது என்பது என் எண்ணம். முப்பது வருஷமாக அவர் பேனாவில் எழுதியதை நான் மூன்று மாதமாகப் பெட்டியில் தட்டுகிறேன் அல்லவா.

19 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

ஆபீஸ் பூஜை கிராணி தலைமையில். டைப்ரைட்டர், டெலிபோன், தராசு, கதவுப் பூட்டு, ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், திருநீறு. கடைசியில் கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"பெட்டிக்கு வேண்டாம் ஐயா" என்றேன். ஈரமும் தூளும் ஆகாது என்று பெட்டியை விற்ற ஈப்போ லியோங் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறான். கிராணிக்கு முகம் சுண்டிவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "சாமிக்குக் காட்டாத சாமான் வெளங்காதும்மா."

அம்மாவுக்கும் முகம் வாடிப்போனது. என் சாமானுக்கு மட்டும் பொட்டு இல்லையே என்று. அது போகட்டும். கிராணி சொன்னது என்ன? சாபமா? அல்லது நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்கிறாரா?

28 அக்டோபர், வெள்ளி

பெட்டி ஓடவில்லை. போட்டதும் கரகரவென்று சத்தம், கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ், அவ்வளவுதான். அணைத்துப் போட்டேன், திரும்ப அணைத்துப் போட்டேன். டிஸ்கெட்டில் எடுத்து வைத்த பிரதியும் படிக்கவில்லை. லியோங்குக்குப் போன் செய்தாகிவிட்டது. கிராணி தன் மேசையிலிருந்து, "என்ன, படுத்துக்கிச்சா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்தது வருத்தமா சந்தோஷமா, எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் என்ன, தெரியும்.

31 அக்டோபர், திங்கள்

லியோங் மலை ஏறி வந்தான். முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். வேறு வழியில்லையாம். என் மலைகளெல்லாம் போயின. மூன்று மாத உழைப்பு, அவன் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள்.

"நிறுத்துறதுக்கு முன்னால பார்க் அடிச்சியா?" என்று கேட்டான். பார்க் என்று அடித்தால் உள்ளே இருக்கும் ஊசி தட்டைவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாட்டுத் தட்டில் ஊசியைத் தூக்கி ஓரமாக வைப்போமே, அதுபோல. ஒதுக்காமல் பெட்டியை நகர்த்தினால் ஊசி தட்டில் இடித்துக் கீறிவிடும். நான் ஒரு நாளும் அடிக்காமல் போனதில்லை. சாமி சத்தியமாக இல்லை.

அப்படியானால் கீறியது யார்?

2 நவம்பர், புதன்

திரும்ப முதலாம் நம்பர் மலையிலிருந்து. கை பழகிவிட்டதால் இப்போது இரண்டு மடங்கு வேகம், ஆனால் விரல் நுனியெல்லாம் வலி. எதிரில் கிராணி மூக்குப்பொடி போட்டுக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்திருக்கிறார். வெளங்காது என்று சொன்ன வாய். நெருப்பில்லாமல் புகையுமா?

8 நவம்பர். தீபாவளி

முறுக்கு கருகிவிட்டது. கண் அடுப்பில் இல்லை என்று அம்மா திட்டினாள். என் கண் எங்கே இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

11 நவம்பர், வெள்ளி

மறுபடியும்! அதே கரகர. அதே இரண்டு வரி. இதுவும் வெள்ளிக்கிழமை. பாவி. பாவி. என்னடா செஞ்ச என் பெட்டிய?

துரை வெளியே வந்து பார்த்தார். "சாக்கிட் லாகி?" என்று மட்டும் மலாயில் கேட்டார், மறுபடி உடம்புக்கா என்று, ஏதோ பெட்டிக்குக் காய்ச்சல் வந்ததுபோல. அவர் சிரிக்கவில்லை. லியோங் ஆள் அனுப்பிப் பெட்டியையே லோரியில் ஈப்போவுக்குக் கொண்டுபோய்விட்டான். என் மேசை மொட்டையாக நிற்கிறது.

14 நவம்பர், திங்கள்

லியோங் போன் செய்தான். இரண்டு விஷயம் சொன்னான்.

ஒன்று, டிஸ்கெட் போடும் வாய்க்குள் வெள்ளைத் தூள், கை நிறைய. அதனால்தான் என் டிஸ்கெட்டுகள் கீறிப் படிக்காமல் போயின. ஊதித் துடைத்து எறிந்துவிட்டானாம். இரண்டு, தட்டில் கீறல். யாரோ பெட்டியைப் போட்டு, பார்க் அடிக்காமல் நிறுத்தி, தூக்கி நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு முறை அல்ல.

வெள்ளைத் தூள். ஸ்டோரில் மண்ணுக்குப் போடுகிற சுண்ணாம்புத் தூள் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஸ்டோர் சாவி யாரிடம்? கிராணியிடம். ஆபீஸ் சாவி யாரிடம்? துரையிடம் ஒன்று, கிராணியிடம் ஒன்று, கூட்டுவதற்காக அம்மாவிடம் ஒன்று. துரை தன் பெட்டியைத் தானே கெடுப்பாரா? அம்மாவை விட்டால் மிச்சம் யார்?

அம்மாவிடம் கேட்டேன், "வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு மொதல்ல யாரும்மா வர்றது?"

"கிராணி ஐயாதான். நான் வேலைய முடிக்கிறதுக்குள்ள வந்துருவாரு. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

மற்ற நாளெல்லாம் பெரட்டு கலைந்தபிறகு ஆடி அசைந்து வருகிற மனிதர், வெள்ளிக்கிழமை மட்டும் இருட்டோடு ஏன் வருகிறார்?

17 நவம்பர், வியாழன்

லியோங் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். இன்று ஒரு வித்தை கற்றேன். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை பெட்டிக்குள் எல்லாம் ஒரே அறையாக இருந்தது. பெட்டி ஓடுவதற்கு வேண்டிய சிஸ்டம் பைல்களும் என் மலைகளும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. சிஸ்டம் கெட்டால் அறை முழுவதையும் கழுவி ஊற்ற வேண்டும், என் மலைகளும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இப்போது லியோங் நடுவில் தடுப்புப் போடச் சொல்லிக்கொடுத்தான். லயத்து வீட்டில் பலகை வைத்து அடுப்படி தனி, படுக்கை தனி என்று பிரிப்போமே, அதேதான். முன்பக்கம் எட்டு மெகாபைட் சி, அதில் சிஸ்டம் மட்டும். பின்பக்கம் பன்னிரண்டு, டி, அதில் என் வேலை மட்டும்.

"சி ரோசாக் ஆச்சுன்னா சிய மட்டும் அழிச்சிப் போடு. டி? டி ஜாங்கான் காச்சாவ் லா" என்றான், சி கெட்டாலும் டியைத் தொந்தரவு பண்ணாதே என்று, யாராவது தொட வந்தால் கையைத் தட்டிவிடுவதுபோலச் சைகை காட்டி. தான் போட்ட தடுப்பை அழித்துவிட்டு, முதலிலிருந்து என்னையே போடச் சொன்னான். போட்டேன். பெட்டி தானாக விழிக்கும்போது சியில்தான் விழிக்கும். டி என்று ஒன்று இருப்பது தெரிந்து தட்டினால்தான் அந்தப் பக்கம் போகலாம்.

கிராணியிடம் சொல்லவில்லை. துரையிடமும் சொல்லவில்லை. சிஸ்டம் டிஸ்கெட்டுகளை மைலோ டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். போவதற்கு முன்னால் பெட்டியின் நான்கு மூலையையும் ஒட்டி மேசையில் பென்சில் கோடு போட்டு வைத்தேன். நாளை வெள்ளி. வரட்டும்.

18 நவம்பர், வெள்ளி

கோடு தெரிகிறது. பெட்டி அதைவிட்டு ஒரு விரல் விலகி நிற்கிறது. ஓடுகிறது, நல்லவேளை. ஆனால் விலகி நிற்கிறது.

22 நவம்பர், செவ்வாய்

கிராணி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "இருபதுன்னு சொல்லித்தானே வாங்கினோம்? இதுல எட்டுன்னு காட்டுது. மிச்சம் எங்க போச்சு?"

பெட்டியை எங்கே அமுக்கினால் எரியும் என்றுகூடத் தெரியாதவர் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கணக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? "சிஸ்டத்துக்கே எடுத்துக்கிச்சு ஐயா" என்று ஒரு பொய்யைப் போட்டேன். "ஓஹோ" என்றார். ஓஹோவாம்!

சாயங்காலம் செல்லத்திடம் சொன்னேன். சல்லடை அறையில் என் பக்கத்தில் நின்றவள், பக்கத்து வீடும்கூட. அவள் சிரிக்கிறாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்டி. பாவம் அந்த மனுசன், மோட்டார் ஓட்டவே பயப்படுவாரு, அவரு உன் கம்ப்யூட்டர ஒடைக்கிறாராக்கும்! போ லா." சிரிக்கட்டும். அவளுக்கு என்ன, அவள் நாற்காலிக்கு ஆபத்து இல்லை, அவளுக்கு நாற்காலியே இல்லை.

25 நவம்பர், வெள்ளி

கையும் களவுமாக! நான் உள்ளே நுழையும்போது கிராணி தன் கைக்குட்டையை அவசரமாக மடித்து ஜேப்பில் வைத்தார். மடிப்பில் வெள்ளைத் தூள். என் கண்ணால் பார்த்தேன். கோடும் மறுபடி விலகியிருக்கிறது.

எப்படிப்பட்ட பக்திமான். நெற்றி நிறையத் திருநீறு, முருகன் படத்துக்கு ஊதுவத்தி, கையில் சுண்ணாம்பு.

2 டிசம்பர், வெள்ளி

சி போய்விட்டது. இன்று காலை, அதே கரகர.

ஆனால் இந்த முறை நான் அழவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மைலோ டின்னைத் தூக்கி வந்தேன். டிஸ்கெட் வாயை நன்றாக ஊதித் துடைத்துவிட்டு டிஸ்கெட்டைப் போட்டு, சியை மட்டும் அழித்து, சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொரு முறை ஆமாவா இல்லையா என்று பெட்டி கேட்கும்போதும் சியா டியா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன். சாப்பிடப் போகவில்லை. மத்தியானம் தாண்டி டி என்று தட்டினேன்.

இருந்தது. எல்லா மலையும் இருந்தது! எட்டு, ஒன்பது, ஆற்றோர மலை, ஒரு வரி குறையாமல். கையைக் கூப்பி அங்கேயே கும்பிட்டேன்.

கிராணி எட்டிப் பார்த்து, "பரவால்லியே, எழுந்துக்கிச்சா?" என்றார். என்ன நடிப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். இனிமேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான்தான் முட்டாள்.

5 டிசம்பர், திங்கள்

துரையிடம் சொல்லிவிட்டேன். தூள், கோடு, கைக்குட்டை, வெள்ளிக்கிழமை, எல்லாம். கேட்டுக்கொண்டே பென்சிலை உருட்டினார். "நேரில் பார்த்தாயா?" என்றார். நேரில் பார்க்கவில்லை, ஆனால் சாவி அவரிடம்தான் இருக்கிறது என்றேன்.

கிராணியைக் கூப்பிட்டார். பலகைச் சுவர்தானே, எல்லாம் கேட்கும். துரை ஏதேதோ கேட்டார். கிராணி "நோ, சார்" என்றார். பிறகு துரை, "அப்படியானால் யார்?" என்று கேட்டார். அதற்கு ஒரு சத்தமும் இல்லை. குற்றமில்லாதவன் எதற்கு வாயை மூட வேண்டும்?

வெளியே வந்து, சட்டைப் பையில் பேனாவைச் சரியாகக் குத்திக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

8 டிசம்பர், வியாழன்

ஜனவரியிலிருந்து கிராணி கீழ் டிவிஷனுக்கு. லெம்பா பெர்த்தாம் பக்கம், ஸ்டோர் பார்க்கும் வேலை. முப்பது வருஷத்துக் கிராணிக்கு மூட்டை எண்ணுகிற வேலை. லயம் முழுக்க இதே பேச்சு. யார் சொன்னது என்று துரை வெளியே விடவில்லை.

அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து மண்ணை வாரி இறைக்காத குறை. "நல்ல மனுசன்டி அவரு. ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நெனைக்காதவரு. எந்த நாசமாப் போனவன் துரைகிட்ட வத்தி வச்சானோ, அந்த நாக்கு அழுகிப் போவ!"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மாவுக்கு ஆள் தெரியாது, வெளுத்ததெல்லாம் பால். அவளிடம் அவர் எப்படி நடித்து வைத்திருக்கிறாரோ.

9 டிசம்பர், வெள்ளி

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜனவரிக்குள் இன்னொரு தடவை கெடுத்துவிட்டுத்தான் போவார் என்று நினைத்தேன். கண்ணால் பார்த்தாயா என்று இனி யாரும் கேட்கக் கூடாது. அம்மா கிளம்பிய சற்று நேரத்தில் நானும் கிளம்பினேன். பனிமூட்டம், எதிரில் இருப்பது தெரியவில்லை. ஆபீஸ் ஜன்னல் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. என் திரையின் வெளிச்சம். பயம் இல்லை, சந்தோஷம். மாட்டிக்கிட்டே என்று கதவைத் தள்ளினேன்.

அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

பெட்டி கிழக்கே பார்த்துத் திரும்பியிருந்தது. திரைக்கு மேலே மூன்று பட்டை திருநீறு. டிஸ்கெட் போடுகிற வாயிலும் திருநீறு, அதன்மேல் குங்குமம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கற்பூரத் தட்டைச் சுற்றினாள். "முருகா, எம்புள்ளய இந்த நாக்காலியிலயே வச்சிரு. திரும்ப அந்தத் தூசிக்குள்ள அனுப்பிராத."

கிராணி சுவரோரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் துணியோடு நின்றார். அம்மா கும்பிட்டு முடிக்கட்டும் என்று.

என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது. "நீ எதுக்குடி வந்த? வேண்டுதல சொன்னா பலிக்காதுன்னு உங்கிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தேன்!" பூஜையன்றைக்கு என் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைக்கவில்லை என்று அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். அதுவும் பெட்டி தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. எமன் திசை. தெற்கே பார்த்த வெளிச்சத்துக்குக் கற்பூரம் காட்டலாமா? அதனால் வெள்ளிதோறும் கிழக்கே திருப்பி, விளக்கு ஏற்றுவதுபோல அதை ஏற்றி, கும்பிட்டு, சுவர் சுவிச்சில் அணைத்து, திரும்பத் தெற்கே வைத்துவிடுகிறாள். நான் திட்டுவேன் என்று.

சொல்லிக்கொண்டே சுவிச்சைத் தட்டினாள். டக். குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் தூக்கப் போனாள்.

"தொடாதம்மா!" என்று கத்தினேன்.

"மெதுவா" என்றார் கிராணி. "துரை பங்களாவுக்குக் கேட்டுறப் போவுது."

வெளியே வந்து அவரைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா உங்கம்மாவ ஆபீஸ்ல வச்சிருப்பாங்களா? அந்த முழங்கால வச்சிக்கிட்டு மலைக்கா போவா? சாமி கும்பிட்டா பொட்டி கெடும்னு நான் நெனைக்கல. லியோங் ஓட்டப் பொட்டிய வித்துட்டான்னு நெனைச்சேன். துரை கண்ணுல துன்னூறு பட்டா அவள வைவாருன்னுதான் வெள்ளிக்கிழம வந்து தொடச்சி விட்டேன்."

"நான் உங்கள…"

"தெரியும்" என்றார். உள்ளே போய்விட்டார்.

11 டிசம்பர், ஞாயிறு

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. இனிமேல் பெட்டியைத் தூக்காதே, கைகால் சுளுக்கிக்கொள்ளும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சொல்லாமலே விட்டால் என்ன? கிராணிக்கு வயசாகிவிட்டது, கீழே குளிர் குறைவு, பழகிக்கொள்வார். அவரே வாயைத் திறக்கவில்லை. எனக்கென்ன? வருஷக் கடைசிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. மலைகள் எல்லாம் டியில் பத்திரம். சொன்னால் துரை என்னையும் சேர்த்துத்தான் பார்ப்பார். பொய்ப் புகார் சொன்னவளுக்கா நிரந்தரம் கொடுப்பார்? அம்மாவுக்கும் வேலை போகும். ஒரு மனிதர் கீழே போனால் இரண்டு பேர் மேலே இருக்கலாம்.

ச்சீ. எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை. இப்படித்தான் நினைத்தேன். அதுதான் உண்மை.

12 டிசம்பர், திங்கள்

சாயங்காலம் அம்மா மறுபடி ஆரம்பித்தாள், வத்தி வைத்தவன் குடும்பம் விளங்குமா என்று. தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, தட்டு, கீறல், தூள்.

அம்மா முதலில் நம்பவில்லை. "நான் கும்பிட்டதுனாலயா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "நீ கும்பிட்டதுனால இல்லம்மா, தூக்குனதுனால" என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப, கிராணி ஐயாவப் பத்தித் துரைகிட்டச் சொன்ன நாக்கு?"

"என் நாக்குதாம்மா."

அடிக்கவாவது செய்திருக்கலாம். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

13 டிசம்பர், செவ்வாய்

அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். முழங்கால் வலியில் சாய்ந்து சாய்ந்து நடக்கிறவள், இன்றைக்கு என்னால் பிடிக்க முடியவில்லை. துரை மேசைக்கு முன்னால் கையைக் கட்டி நின்று, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள்: "துவான், கிராணி தா சாலா. சாயா யாங் சாலா." கிராணி மேல் தப்பில்லை, தப்பு என் மேல்தான்.

நான் மிச்சத்தைச் சொன்னேன். துரை சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நேரில் பார்த்தாயா என்று கேட்டேன் அல்லவா?" என்றார்.

கிராணி இருக்கிற இடத்திலேயே இருப்பார். அம்மா இனி ஆபீஸுக்குள் வரக்கூடாது. மலைக்கும் அனுப்பவில்லை, பேக்டரி வாசல் கூட்டுகிறாள். என் விஷயம் அப்புறமாம்.

கிராணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பேனாவை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

30 டிசம்பர், வெள்ளி

எல்லா மலையும் அச்சடித்துத் துரை மேசையில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நன்றாக இருக்கிறது என்றார். பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். நிரந்தரத்தை ஜூன் வரைக்கும் பார்க்கலாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். கேட்க எனக்கு வாய் எங்கே இருக்கிறது?

கிராணி என்னோடு பேசுவதில்லை. தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு விரலால் ஒரு தட்டு. அதுதான் பேச்சு. நான் உள்ளே நுழைந்தால் மற்றவர்களும் பேச்சை நிறுத்துகிறார்கள். செல்லம்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுகிறாள். சந்தேகப்படுவதற்கு இப்போது யாருமே இல்லை. என்னைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

6 ஜனவரி 1989, வெள்ளி

அம்மா விளக்கேற்றிவிட்டு என்னிடம் வந்தாள். அன்றைக்குப் பிறகு தானாக வந்து பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஏண்டி, தூரத்துல நின்னு கும்பிட்டா அது கெட்டுப் போவுமா?"

"கெடாதும்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

20 ஜனவரி, வெள்ளி

காலையில் நல்ல குளிர். பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து தாளெல்லாம் நமுத்துப்போகிறது. சாத்தலாம் என்று எழுந்தேன். கம்பியைப் பிடித்து இழுக்கும்போது பின்னாலிருந்து கிராணியின் குரல் கேட்டது.

"சாத்தாத. தொறந்தே இருக்கட்டும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்கம்மா ரோட்டுல நிக்கிறா பாரு. கும்பிட்டு முடிக்கட்டும்."